சட்டை போடாத ஆச்சி

மதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் தம்பி, தங்கச்சி, என் அணித் தோழர்களே, வாணிவிழாவுக்கென்று வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து சனசமூக நிலைய முற்றத்தில் பாய் விரித்து இருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

"பெண்ணுக்கு அழகும் மதிப்பும் தருவது அடக்கமான உடையே" என்று எதிரணியில் இரண்டு பேர் பேசிவிட்டார்கள். நன்றாகவே பேசினார்கள். அது அப்படி அல்ல என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சேலை கட்டித்தான் இந்த மேடையில் நிற்கிறேன். 30 வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். 2022 இல் பெற்றோல் இல்லாமல் இலங்கை முழுக்கச் சைக்கிளுக்கு மாறியபோதும், சேலைத் தலைப்பு செயினில் மாட்டாமல் இடுப்பில் சொருகிக்கொண்டு சேலையோடுதான் போனேன். எனக்குச் சேலை பிடிக்கும். கைத்தறிச் சேலை என்றால் இன்னும் பிடிக்கும். அதனால் அடக்கமான உடையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தச் சேலைதான் எனக்கு மரியாதை வாங்கித் தந்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

1984. எனக்கு 16 வயது. ரியூசன் முடிந்து பின்னேரம் டவுனிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறேன். வெள்ளைச் சீருடை. முழங்காலுக்குக் கீழே இறங்கிய சட்டை, கழுத்துவரை பொத்தான், ரை, இரட்டைப் பின்னல், கறுப்பு ரிப்பன். அதைவிட அடக்கமாக ஒரு பிள்ளைக்கு உடுத்திவிட முடியாது. பஸ்ஸில் நல்ல சனம். எனக்குப் பின்னால் நின்றவருக்கு என் அப்பாவின் வயது இருக்கும். வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். பஸ் குலுங்காத நேரத்திலும் என்மேல் சாய்ந்துகொண்டே வந்தார். கை எங்கே வந்தது என்று இந்தச் சபையில் சொல்ல மாட்டேன். இங்கே இருக்கும் பெண்களுக்கு அதைச் சொல்லத் தேவையும் இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன். அம்மா என்னை அணைத்துக்கொண்டு தானும் அழுதார். அப்புறம் என் சட்டையை வாங்கி, கீழே மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்து, இரண்டு அங்குலம் இறக்கித் தைத்தார். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. எவ்வளவு நீலம் போட்டுத் தோய்த்தும் அது போகவில்லை. பள்ளிக்கூடப் படிப்பு முடியும்வரை அந்தக் கோட்டோடுதான் நான் போனேன். தப்புச் செய்தவர் அன்றிரவு வீட்டில் நிம்மதியாகச் சோறு சாப்பிட்டிருப்பார். தண்டனை என் சட்டைக்குக் கிடைத்தது.

அந்த பஸ்ஸில் இன்னொன்றும் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதிரணித் தம்பி சொன்னார், "மூடி வைத்த பண்டத்தில் ஈ மொய்க்காது" என்று. சபையில் கைதட்டலும் விழுந்தது. தம்பி, நான் பண்டம் இல்லை. அதை விடுங்கள். ஈ என்று நீங்கள் யாரைச் சொன்னீர்கள்? அந்த வரிசையில் இருக்கும் உங்கள் அப்பாவையா? என் மகன்களையா? புத்தியில்லாமல் மொய்ப்பதுதான் ஆணின் இயல்பு என்றால், அதைவிடப் பெரிய அவமரியாதையை இந்தச் சபையில் இருக்கும் ஆண்களுக்கு யாராலும் செய்ய முடியாது. சரி, உங்கள் கணக்குப்படியே வருவோம். மூடினால் மொய்க்காது என்கிறீர்கள். 2015 இல் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் எங்கள் நாட்டில் ஓர் ஆய்வு செய்தது. அதில் பதில் சொன்ன பெண்களில், பஸ்ஸிலும் ரயிலிலும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானவர்கள் 90 சதவீதம். பொலிசிடம் உதவி கேட்டுப் போனவர்கள் 4 சதவீதம். நூறு பேரில் தொண்ணூறு பேரும் அடக்கமில்லாமல் உடுத்தினார்களா? எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். சேலையும் பஞ்சாபியும் பள்ளிச் சீருடையும், முஸ்லிம் பெண்கள் உடம்பு முழுக்க மூடிப் போடும் அபாயாவும்தான்.

இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1996 செப்டெம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பிள்ளையைச் செம்மணி இராணுவச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். 2015 மே மாதம் புங்குடுதீவில் ஒரு பிள்ளை காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டாள். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரையும் சீரழித்துக் கொன்றார்கள். இரண்டு பேரும் உடுத்தியிருந்தது வெள்ளைச் சீருடை.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் 345 ஆம் பிரிவு இருக்கிறது. பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கி 1995 இல் திருத்திய பிரிவு. அதில் பெண் என்ன உடுத்தியிருந்தாள் என்று ஒரு சொல்கூட இல்லை. சட்டம் கேட்காத கேள்வியை நாங்கள்தான் படலையில் நின்று கேட்கிறோம்.

நடுவர் ஐயா, இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அடக்கமான உடையால் மரியாதை வரும் என்கிறது எதிரணி. எங்கள் சொந்த வரலாற்றைப் பார்த்தால் அது தலைகீழாக இருக்கிறது. பாட்டன் பூட்டன் காலத்தில் இதே யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது. ஆண்கள் தோளில் சால்வை போடக்கூடாது. மீறினால் அடி விழும், துணியைக் கிழிப்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரிலும் இதே கொடுமைதான். அங்கே பெண்கள் தோள்சீலைக்காகப் பல வருடங்கள் போராடி அடிபட்டு, 1859 இல்தான் மார்பை மூடும் உரிமையைப் பெற்றார்கள். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் போடுவதைப்போலப் போடக்கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள்.

இதை யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்கள் அடக்கமாக உடுத்தத்தான் கேட்டார்கள். உடுத்த விடாதவர்கள் யார்? ஊரில் ஒழுக்கம் பேசியவர்கள். அடக்கமான உடை என்பது அன்றைக்கு மரியாதை ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த சலுகை. மதிப்பு முதலில் வந்தது, துணி பிறகுதான் வந்தது. யாரை மதிப்பது என்று ஊர் முடிவு செய்துவிட்டது, அதன்படி துணியை அளந்து கொடுத்தது.

என் அம்மம்மா உரும்பிராயில் செம்மண் தோட்டக்காரி. துலாக் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு நின்று குளிப்பார், அதே குறுக்குக்கட்டோடு வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறுவார், ஒழுங்கையால் போகிறவர்களோடு வேலிக்கு மேலால் கதைப்பார். தோளும் கையும் வெறும் தோளும் கையும்தான். ஒருவரும் அவரை ஒரு குறை சொன்னதில்லை. ஊரில் சீட்டுப் பிடித்தது அவர்தான். எழுத்துத் தெரியாது, நாற்பது பேரின் கணக்கும் மனதில் இருக்கும். கொழும்புக்குப் போகிறவர்கள் தாலிக்கொடியை அவரிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்த மரியாதை அவருடைய நாக்குக்கும் நாணயத்துக்கும் வந்தது. காணியும் சாதியும் இருந்ததால் வந்த மரியாதையும் அதில் கலந்திருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் துணிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இப்போது எதிரணிக்கு ஒரு கேள்வி. இந்த ஊரில் ஆக அடக்கமாக உடுத்துகிறவர் யார்? போரில் புருஷனைப் பறிகொடுத்த பெண். வெளிறிய சேலை, பூ இல்லை, பொட்டு இல்லை. உங்கள் கணக்குப்படி அவருக்குத்தான் முதல் மரியாதை வர வேண்டும். கல்யாண வீட்டில் ஆலாத்தி எடுக்க அவரைக் கூப்பிடுகிறோமா? சொந்த மகளின் கல்யாணத்தில்கூட மணவறைக்குப் பக்கத்தில் வராமல், சமையல்கட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டு நின்ற தாயை நான் பார்த்திருக்கிறேன். தாலி கட்டும்போது மேளம் உயர்ந்தது. கையில் இருந்த வெற்றிலையோடு கதவு நிலையில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனார். எங்கள் எல்லோருடைய கண்ணும் மணமேடையில் இருந்தது.

அபாயாவையும் பேசத்தான் வேண்டும். 2018 இல் திருகோணமலையில் அபாயா போட்டு வந்த ஆசிரியைகளைச் சேலை கட்டச் சொல்லி எங்கள் சனம்தான் வீதியில் இறங்கியது. சேலையில் இடுப்புத் தெரியும், அபாயாவில் தெரியாது. அடக்கம்தான் அளவுகோல் என்றால் அன்றைக்கு எங்கள் கோபம் எதற்கு?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேலே ஒன்றுமில்லாமல்தான் உள்ளே போக வேண்டும். வைத்தியரும் நீதிபதியும் அப்படித்தான் போகிறார்கள். வெளியே வரும்போது யாருடைய மதிப்பும் குறைந்து வருவதில்லை.

அழகைப் பற்றித் தங்கச்சி நிறையச் சொன்னார். அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. தாவணி அழகுதான். ஆனால் 14 வயதுப் பிள்ளையைப் பார்த்து "குனிந்து நட, ஷோலை இழுத்துவிடு" என்று சொல்லும் அதே வீடுதான், அவள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியவீட்டுக்கு அவளுடைய படத்தை ஆளுயரத்துக்கு அடித்துச் சந்தியில் கட்டுகிறது. அவளைப் பார்க்கவும் நாங்கள்தான் சொல்கிறோம், பார்த்துவிட்டார்கள் என்று அவளைத் திட்டவும் நாங்கள்தான். அந்தப் பிள்ளை எதை நம்பி வளரும்?

நாணம் பெண்ணுக்கு அணிகலன் என்று வள்ளுவரை இழுத்தார்கள். நாணுடைமை அதிகாரத்தை முழுதாக வாசித்தால், "ஊணுடை எச்சம் உயிர்க்கெல்லாம் வேறல்ல, நாணுடைமை மாந்தர் சிறப்பு" என்று இருக்கிறது. ஊணும் உடையும் எல்லோருக்கும் பொதுதான், செய்யத் தகாததைச் செய்ய வெட்கப்படுவதுதான் மனிதருக்குச் சிறப்பு. மகளிர் என்று அவர் எழுதவில்லை, மாந்தர் என்று எழுதினார். பஸ்ஸில் என் பின்னால் நின்ற மனிதருக்கும் சேர்த்துத்தான்.

நேரமணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடிக்கிறேன். அந்த பஸ்.

முன் சீற்றில் ஒரு ஆச்சி இருந்தார். மடியில் கடகம், அதற்குள் விற்று மிஞ்சிய மரவள்ளிக்கிழங்கு. சேலைத் தலைப்பைக் குறுக்கே இழுத்து இடுப்பில் சொருகியிருந்தார், உள்ளே சட்டை இல்லை. அவருக்கு இளம் வயதாக இருந்தபோது போட விடவில்லை. போடலாம் என்ற காலம் வந்தபோது அவருக்குப் பழக்கமில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அழக்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. எழும்பி நின்று, "பொடிச்சியை விட்டிட்டு இறங்கு. இறங்கடா" என்றார். பஸ் முழுக்கக் கேட்டது. கொண்டக்டர் மணி அடித்தார். அந்த ஆள் ஒரு சொல் பேசாமல் இறங்கினார். ஆச்சி என் கையைப் பிடித்துத் தன் சீற்றில் இருத்தி, கடகத்தை என் மடியில் வைத்துவிட்டு, சந்திவரை நின்றுகொண்டே வந்தார். அவர் இறங்கும்போது கொண்டக்டர் கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டு, "மெல்ல இறங்கணை ஆச்சி" என்றார்.

அன்றிரவு அம்மா விளக்குக்குக் கிட்ட இருந்து என் சட்டையைப் பிரிக்கும்போது இந்த ஆச்சியைப் பற்றியும் சொன்னேன். அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார்:

"அவ ஆர் ஆக்கள்?"

வணக்கம்.