ஜனாதிபதி மருத்துவமனையில் இருந்தபோது நாட்டை நடத்தியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

போரிலிருந்து மீண்டு விடுதலை பெற்ற நாட்டில் மக்களாட்சியைத் தாங்கி நிற்பது தலைவர்களா, அமைப்புகளா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் தலைவர்கள் பக்கம் பேசிய அம்மா, தென்கிழக்கு ஆசியாவின் சின்ன நாடான கிழக்குத் திமோரை எடுத்துக்கொண்டார். சனானா குஸ்மாவோ இல்லையென்றால் அந்த நாடே இல்லை என்றார். அவை கைதட்டியது, நானும் தட்டினேன். காட்டில் நின்று போராடியவர், 1992-இல் பிடிபட்டு ஜகார்த்தா சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். அவர் மீது எனக்கும் மரியாதை உண்டு. அதனால் நான் வேறு நாட்டுக்குப் போகவில்லை. அம்மா காட்டிய அதே நாட்டிலேயே நின்று, தாங்குவது அமைப்புகள்தான் என்கிறேன்.

24 ஆண்டுகள் இந்தோனேசிய ஆக்கிரமிப்பு. அந்தப் போராட்ட காலத்தில் கொலையாலும் பசியாலும் நோயாலும் குறைந்தது 1,02,800 பேர் இறந்தார்கள் என்று அந்தக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையம் கணக்கிட்டது. 1999 ஆகஸ்ட் 30 அன்று மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 78.5 சதவீதம் பேர் கேட்டது விடுதலை. அதற்குத் தண்டனையாக இந்தோனேசிய ராணுவமும் அதன் ஆதரவுக் குழுக்களும் ஊர் ஊராக எரித்தார்கள். ஐ.நா. நிர்வாகம் வந்தது, அரசியலமைப்பு எழுதப்பட்டது, 2002 மே 20 அன்று கொடி ஏறியது. குஸ்மாவோ ஜனாதிபதி, மாரி அல்காத்திரி பிரதமர்.

சரி, நான்கே ஆண்டுகளில் என்ன ஆயிற்று? மேற்குப் பகுதிக்காரர்களை ஒதுக்குகிறார்கள் என்று மனுக் கொடுத்துவிட்டு முகாமை விட்டு வெளியேறிய சுமார் 600 வீரர்களை ராணுவம் பணிநீக்கம் செய்தது. அது நியாயமல்ல என்று குஸ்மாவோ தொலைக்காட்சியில் பேசினார். நாடே நேசித்த மனிதரின் பேச்சு அது. தீ அணையவில்லை. 2006 மே 25 அன்று தலைநகர் டிலியில், ஐ.நா. பாதுகாப்பில் ஆயுதமில்லாமல் நடந்துவந்த காவலர்களை ராணுவத்தினர் சுட்டார்கள். எட்டுப் பேர் செத்தார்கள். ஒன்றரை லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். ஒரு நாட்டின் ராணுவமே அந்த நாட்டின் காவல்துறையைச் சுட்டது என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. தலைவர்கள் எல்லோரும் அப்போது ஊரில்தான் இருந்தார்கள். இல்லாமல் போனது, இரண்டு படைகளையும் ஒரு சட்டத்துக்குள் கட்டி வைக்கும் ஏற்பாடு.

இப்போது 2008 பிப்ரவரி 11-க்கு வாருங்கள். காலையில் ஜனாதிபதி ராமோஸ் ஹோர்தாவைச் சுட்டார்கள். அதே காலையில், அதற்குள் பிரதமராகியிருந்த குஸ்மாவோவின் கார் மீதும் துப்பாக்கிச் சூடு, அவர் தப்பினார். ராமோஸ் ஹோர்தா உயிருக்குப் போராடும் நிலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். எந்தப் புது நாட்டிலும் ராணுவ ஜீப் வானொலி நிலையத்துக்குப் போகிற நேரம் அது! அங்கே என்ன நடந்தது? ஜனாதிபதியால் இயலாதபோது நாடாளுமன்றத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. நாடாளுமன்றத் தலைவர் லசாமா வெளிநாட்டில் இருந்தார். துணைத்தலைவர் பொறுப்பேற்றார். இரண்டு நாளில் லசாமா திரும்பிவந்து அதை வாங்கிக்கொண்டார். ஏப்ரலில் ராமோஸ் ஹோர்தா குணமாகி வந்தார், நாற்காலி அவரிடம் திரும்பியது. அந்த இரண்டு மாதமும் நாட்டைத் தாங்கியது ஒரு சட்டப்பிரிவு, நடுவர் அவர்களே. காகிதத்தில் இருந்த சில வரிகள்.

அமைப்புகள் பிறந்த அன்றே எழுந்து நடக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2005-இல் திமோர் நீதிபதிகள் அத்தனை பேரும் தகுதித் தேர்வில் தோற்றார்கள். அதனால் வெளிநாட்டு நீதிபதிகள் தீர்ப்பும் சொல்லி, உள்ளூரில் பயிற்சியும் கொடுத்து வந்தார்கள். 2014-இல் அந்த வெளிநாட்டு நீதிபதிகளையும் வழக்கறிஞர்களையும் 48 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னது அரசு. நடந்துகொண்டிருந்த வழக்குகள் பாதியில் நின்றன. அன்றைய பிரதமர் யார்? அம்மா சொன்ன அதே குஸ்மாவோ. பெரிய மனிதர்தான். அவரையும் தடுத்து நிறுத்த ஒரு கை வேண்டாமா?

அடுத்த ஆண்டே அவர் பதவி விலகி, எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரைப் பிரதமராக்கினாரே என்று அம்மா கேட்டார். பெருந்தன்மைதான். ஆனால் அந்தச் சமரசம் எத்தனை நாள் தாங்கியது? 2017 தேர்தலில் 65 இடங்களில் அல்காத்திரியின் ஃபிரெட்டிலின் கட்சிக்கு 23, குஸ்மாவோ கட்சிக்கு 22. அல்காத்திரி சிறுபான்மை அரசு அமைத்தார். அதன் ஆட்சித் திட்டத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது. 2006-இல் மோதிய அதே குஸ்மாவோ, அதே அல்காத்திரி, அதே கசப்பு. ஜனாதிபதி லூ ஓலோவும் ஃபிரெட்டிலின்காரர். உடனே அவையைக் கலைக்க அவராலும் முடியாது. தேர்ந்தெடுத்த ஆறு மாதத்துக்குள் கலைக்கக் கூடாது என்கிறது சட்டம். 2018 ஜனவரி வரை காத்திருந்து கலைத்தார். பிரசாரத்தில் சில கைகலப்புகள் நடந்தன, ஆனால் ராணுவமும் காவல்துறையும் ஒன்றையொன்று சுடவில்லை. மே 12 அன்று மக்கள் மறுபடி வாக்களித்தார்கள். குஸ்மாவோவின் கூட்டணிக்கு 34 இடம். அல்காத்திரி பதவியை விட்டு இறங்கினார்.

12 ஆண்டு இடைவெளியில் ஆட்கள் மாறவில்லை. மாறியது எது என்பதைத் தீர்ப்பில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.