பெட்ரோல் என்ற பெயரில்

நேயர்களுக்கு வணக்கம்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடத்தை இருபத்தொன்பது ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் ஆண்டுக்கு ஒரு முறை பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து அழைப்பு வரும். போய், மாணவர்கள் முன்னால் ஒரு சிறிய சோதனையைச் செய்து காட்டுவேன். மூடி போட்ட நூறு மில்லி அளவு ஜாடியில், அன்று காலை பங்க்கில் வாங்கிய பெட்ரோலைத் தொண்ணூறு கோடு வரை ஊற்றி, மீதிப் பத்துக்குத் தண்ணீர் விட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நன்றாகக் குலுக்கி மேசையில் வைத்துவிடுவேன். சிறிது நேரத்தில் பெட்ரோல் மேலேயும் தண்ணீர் கீழேயுமாகப் பிரிந்துவிடும். ஊற்றியது பத்து மில்லி தண்ணீர் என்பதால், அடியில் நிற்கும் அடுக்கும் பத்துக் கோடுதான் இருக்க வேண்டும். ஆனால், அது இருபத்தேழு, இருபத்தெட்டுக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். "தண்ணி எப்படி சார் பெருகுச்சு?" என்று ஒரு மாணவன் கட்டாயம் கேட்பான்.

தண்ணீர் பெருகவில்லை. பெட்ரோலோடு கலந்திருந்த எத்தனால் என்ற சாராயத்தைத் தண்ணீர் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். தொண்ணூறு மில்லியில் பதினெட்டு மில்லி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, பெட்ரோலே அல்ல. என் பணிக்காலத்தின் நடுப்பகுதியில் இதே சோதனையில் அந்த அடுக்கு நான்கைந்து கோடு ஏறினாலே அதிகம்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. பெட்ரோலில் ஐந்து விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் சில மாநிலங்களில் 2003-ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. கரும்பு விளைச்சலும், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸின் விலையும் ஏறி இறங்கியதற்கேற்ப அது நடந்தும் நின்றும் வந்தது. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, இருபது விழுக்காட்டை 2030-இல் எட்டலாம் என்றது. பிறகு அந்த இலக்கு ஐந்தாண்டுகள் முன்னுக்கு இழுக்கப்பட்டது. 2022-இல் பத்து விழுக்காடு, 2023 பிப்ரவரியில் இருபது விழுக்காடு கலந்த 'இ-20' எரிபொருளின் அறிமுகம், 2025-இல் ஏறக்குறைய நாடு முழுவதும் இருபது விழுக்காடு என்று அடுத்தடுத்து வந்துவிட்டன. கார் நிறுவனங்கள் இருபது விழுக்காட்டைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகளை இறக்கத் தொடங்கியதோ 2023 ஏப்ரல் முதல்தான். அதற்கு முன்பு வாங்கிய கோடிக்கணக்கான வண்டிகள் எந்த எரிபொருளுக்காக வடிவமைக்கப்பட்டனவோ, அந்த எரிபொருள் சாதாரண பம்ப்பில் இன்று கிடைப்பதில்லை.

நான் எத்தனாலுக்கு எதிரி அல்லன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது; 2014-15 முதல் 2025 ஜூலை வரை எத்தனால் கலப்பினால் ஒரு லட்சத்து நாற்பத்து நான்காயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அன்னியச் செலாவணி மிச்சமானதாக அரசு கணக்குச் சொல்கிறது. எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண்ணும் எத்தனாலுக்கு அதிகம். அதற்கென்றே வடிவமைத்த எஞ்சின் கரகரப்பில்லாமல் நன்றாகவே இழுக்கும். வண்டி வாங்கியவனிடம் இந்த மாற்றத்தை யார், எப்படிச் சொன்னார்கள், அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் வெப்ப ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், கலவையின் மொத்த ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறையும் என்பதை ஒரு பள்ளி மாணவனே கணக்குப் போட்டுவிடுவான். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும், இருபது விழுக்காட்டுக் கலவையை ஊற்றினால், கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்துப் பத்து விழுக்காட்டுக்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் ஆறு முதல் ஏழு விழுக்காடும், பத்துக்காக வடிவமைத்து இருபதுக்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடும் மைலேஜ் குறையும் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னது. அதே அறிக்கை இன்னும் இரண்டு சொன்னது. ஆற்றல் குறைவை ஈடுகட்டும் விதமாக இந்த எரிபொருளின் விலை குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பழைய வண்டிகளுக்காகப் பத்து விழுக்காட்டுப் பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. மைலேஜ் குறையும் என்றது மட்டும்தான் நடைமுறைக்கு வந்தது.

என் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. டேங்க்கை நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் மூன்றையும் குறித்து வைப்பது வாத்தியார் புத்தி. 2016-இல் சராசரியாக லிட்டருக்கு 17.2 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, 2025 இறுதியில் 16.1 கொடுக்கிறது. இந்தக் குறைவு முழுவதையும் எத்தனாலின் கணக்கில் எழுதிவிட மாட்டேன். எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, எனக்கும் ஏ.சி. இல்லாமல் ஓட்ட முடிவதில்லை, சேலம் சாலையில் நெரிசலும் கூடிவிட்டது. ஆனால், குறைவில் எத்தனாலுக்குப் பங்கே இல்லை என்று எவராவது சொன்னால், அந்த அளவு ஜாடியை அவர் முன்னால் கொண்டுபோய் வைப்பேன். விலை மட்டும் ஏன் குறையவில்லை என்றால், சர்க்கரை ஆலைகளிடமும் தானிய ஆலைகளிடமும் எத்தனாலை வாங்கும் விலையே 2025-இல் போக்குவரத்தும் வரியும் சேர்ந்து சராசரியாக லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேல், சுத்திகரித்த பெட்ரோலின் அடக்கவிலையைவிட அதிகம் என்பது அரசின் விடை. விடை நியாயமானதாகவே இருக்கட்டும். ஆற்றல் குறைந்த பொருளைப் பழைய விலைக்கே வாங்குகிறவன் ரசீதில் அந்த நியாயம் எங்கே தெரிகிறது?

பிரேசில் நாட்டை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். சொல்வதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே எண்ணெய் நெருக்கடியின்போது, 1975-இல் கரும்புச் சாராயத் திட்டம் தொடங்கி, 1980-களின் நடுவில் புதிதாக விற்ற கார்களில் பத்துக்கு ஒன்பது முழுக்கவே சாராயத்தில் ஓடின. பிறகு சர்க்கரை விலை உலகச் சந்தையில் ஏறியதும் ஆலைகள் சர்க்கரைப் பக்கம் திரும்பிவிட, 1989-90 வாக்கில் எரிபொருள் இல்லாமல் பங்க்குகளில் வரிசை நின்றது. கையைச் சுட்டுக்கொண்ட மக்கள் அந்தக் கார்களைத் தொடவே மறுத்தார்கள். நம்பிக்கை திரும்பியது 2003-இல், எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் ஃபிளெக்ஸ் எஞ்சின் வந்த பிறகுதான். சாதாரணப் பெட்ரோலில் அங்கே எத்தனால் கலப்பு நம்மைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால், பக்கத்திலேயே தனி எத்தனால் பம்ப்பும் நிற்கிறது. அதன் விலை பெட்ரோல் விலையில் எழுபது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று ஓட்டுநர்கள் மனக்கணக்குப் போட்டு ஊற்றிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் பங்க்கில் பம்ப்பின் ஓரத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படிக்க நான் கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் தேர்ந்தெடுக்க வழி வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் முதல் தேதி தள்ளுபடி செய்துவிட்டது.

மைலேஜைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை ஷெட்டைத் திறந்ததும் பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. வழக்கமாக விடும் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால், இன்ஜெக்டர் சுத்தம், டேங்க் சுத்தம், இன்னும் என்னென்னவோ சுத்தம் என்று ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஓர் உத்தேசக் கணக்கைக் கையில் கொடுத்தார்கள். மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு, என்னிடம் படித்து இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, ஃபில்டருக்குப் பக்கத்தில் வளைந்து போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது. கத்தியால் நெடுக்காகக் கீறிப் பிரித்தபோது, உட்பக்கம் ஊறிய முருங்கைக்காய்த் தோல்போலத் தளர்ந்து, விரலில் கறுப்பாக ஒட்டியது. "வயசான ஹோஸ் சார். பெட்ரோலைக் குத்தம் சொல்லவும் முடியாது, சொல்லாம இருக்கவும் முடியாது. ஆனா இப்ப மாசத்துக்கு நாலஞ்சு வண்டி இப்படி வருது" என்றார். புது ஹோஸ், இரண்டு கிளிப், கூலி எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்.

பழைய வண்டிகள் சிலவற்றில் இருபது முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், அது வழக்கமான சர்வீஸிலேயே முடிந்துவிடும் மலிவான வேலை என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. எண்ணூறு ரூபாய் மலிவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாயிரம் கேட்ட இடத்திலேயே பணத்தைக் கட்டிவிடுகிறவர்களுக்கு அது மலிவன்று. காரிலாவது புகையை அளந்து சொல்லும் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. கலவை மாறினால் எஞ்சினின் கணினி எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும். 2020-க்கு முன் வந்த, கணினி இல்லாமல் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வைத்த மோட்டார் சைக்கிள்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

எங்கள் மாவட்டத்தில் இந்த எரிபொருளின் மறுமுனையையும் பார்க்கலாம். மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். சாராயம் என்றால் கரும்புதான் என்று நினைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மழை பொய்த்துக் கரும்பு குறையும் என்று தெரிந்ததும், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அந்த இடத்தை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. மக்காச்சோளம்தான் நாமக்கல் கோழிப் பண்ணைகளின் முதன்மைத் தீவனம். என் காருக்கும் பக்கத்துப் பண்ணையின் முட்டைக்கோழிக்கும் இப்போது ஒரே சோளக்காட்டில் பங்கு. ஏற்றுமதி செய்துவந்த நாடு சோளத்தை இறக்குமதி செய்யவும் தொடங்கியது. தீவன விலையைச் சொல்லிப் பண்ணைக்காரர்கள் புலம்புவதை டீக்கடையில் நாள்தோறும் கேட்கலாம்.

மாற்று எரிபொருள் நமக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, சென்னை மாகாணத்துப் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. வண்டியின் பின்புறம் அண்டாபோல ஓர் உலை நிற்கும். கிளீனர் பையன் அரைமணி நேரம் கைச்சக்கரத்தைச் சுற்றிக் கரியை மூட்டிய பிறகுதான் வண்டி நகரும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும் என்று என் தாத்தா சிரித்துக்கொண்டு சொல்வார். எவ்வளவோ தொல்லை இருந்தாலும், எதில் ஓடும் வண்டியில் தான் ஏறியிருக்கிறோம் என்பது ஒவ்வொரு பயணிக்கும் தெரிந்திருந்தது.

டீசல் கார் வாங்கியவர்களின் கதை வேறு வகை. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலை வித்தியாசம் மிகுதியாக இருந்த காலத்தில், கூடுதலாக ஒரு லட்சம் கொடுத்து அதை வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதி வந்ததும் சிறிய டீசல் கார்கள் சந்தையைவிட்டே போயின. வண்டியைத் தயாரித்த நிறுவனமே விலகிப்போவதும் உண்டு. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோது, அதன் மறைமலை நகர் ஆலையில் வேலை செய்தவர்களின் கவலைதான் பெரிது. ஆனால், முந்தைய மாதம் வண்டி எடுத்தவர் அதை என்ன விலைக்கு விற்பார் என்ற கேள்வியும் அன்று இருந்தது.

மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று என் மருமகன் சொல்வார். ஜி.எஸ்.டி. ஐந்து விழுக்காடுதான், தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் செய்யும் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலையும் திறந்தாகிவிட்டது. அவர் குடியிருப்பதோ சென்னையில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில். தன் கார் நிற்கும் இடத்தில் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக் வைப்பதற்காக மூன்று சங்கக் கூட்டங்களுக்குப் போனார். தீப்பிடித்தால் யார் பொறுப்பு, வயர் எந்தச் சுவர் வழியாக வரும், பொது மீட்டரா தனி மீட்டரா என்று பேசிப் பேசி, நான்காவது கூட்டத்துக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். அதுவரை அவருடைய வண்டியும் பெட்ரோலில்தான் ஓடுகிறது.

என் காருக்கு இந்த ஆண்டு பதினைந்து வயது நிறைகிறது. பதிவைப் புதுப்பிக்க, முன்பு அறுநூறாக இருந்து 2022 ஏப்ரலில் ஐயாயிரமாக உயர்ந்த கட்டணத்தைக் கட்டி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். ஆய்வாளர் சேஸிஸ் எண்ணைச் சரிபார்த்தார், ஹாரனை அடிக்கச் சொன்னார், புகைச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். சில நாட்களில் புதிய ஆர்.சி. அட்டை தபாலில் வந்து சேர்ந்தது. அதில் எரிபொருள் என்ற கட்டத்தில், 2011-இல் எழுதியிருந்தபடியே, பெட்ரோல் என்று அச்சிட்டிருக்கிறது.

வணக்கம்.