17 டாலர் கிடார்: மதுக்கடையிலிருந்து லொரெட்டா லின் நடந்து வந்த பாதை

நண்பர்களே, வணக்கம்.

கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமிய இசையின் பாடகி லொரெட்டா லின்னைப் பற்றிப் பேச எழுகிறவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று தொடங்குவார்கள். கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் 'ஆண்டின் கலைஞர்' விருதை 1972இல் வாங்கிய முதல் பெண் என்று முடிப்பார்கள். இடையில் நடந்ததெல்லாம் 'திறமை இருந்தது, முன்னுக்கு வந்தார்' என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். அந்த இடைப்பகுதியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருடைய பாட்டுக்கு அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்பது அங்கேதான் விளங்கும்.

அந்த உருவம் வந்த இடம் ஹாங்கி-டாங்க். முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். மது விற்கும் சாதாரணக் கடை. ஆட ஒரு சின்னத் தளம், மூலையில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ், வாரக் கடைசியில் ஒரு வாத்தியக் குழு. மதுவிலக்கு 1933இல் நீங்கிய பிறகு, டெக்சாஸ் எண்ணெய் வயல்களை ஒட்டி இந்தக் கடைகள் பெருகின. அதோடு ஒரு சிக்கலும் பிறந்தது. குடித்தவர்கள் கத்துவார்கள், கண்ணாடிக் குவளைகள் மோதும், ஆடுகிறவர்களின் பூட்ஸ் தரையை அதிர வைக்கும். மரக்கிடாரோடு அமைதியாகப் பாடியவன் குரல் மேடையை விட்டு இறங்குவதற்குள் கரைந்துபோகும். ராத்திரி கூட்டம் ஏறிய பிறகு உங்கள் இசைத்தட்டு காதில் விழுவதே இல்லை என்று ஜூக்பாக்ஸ் நடத்தியவர்கள் குறைப்பட்ட பிறகுதான் கன்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப் 1941இல் மின்கிடாரைச் சேர்த்துப் பதிவு செய்தார். இரைச்சல்தான் அந்த இசையின் முதல் ஆசிரியர்.

மின்கிடார் வந்தது, தந்திமேல் உலோகத்துண்டை இழைத்து வாசிக்கும் ஸ்டீல் கிடார் வந்தது, தாள வாத்தியமும் வந்தது. பாட்டும் மாறியது. பெரும்பாலும் மூன்றே கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), ஆடுவதற்கேற்ற நேரான நடை, இரண்டரை நிமிடத்துக்குள் முடிவு. பல்லவியின் முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிட வேண்டும். இரண்டாவது சரணத்தில்தான் கதை புரியும் என்றால் அதைக் கேட்க அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் லொரெட்டா படித்தார். 1932இல் கென்டக்கி மாநிலத்தின் புட்சர் ஹாலோவில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. 15 வயதில் திருமணம். பிறகு கணவரோடு இரண்டாயிரம் மைலுக்கு அப்பால், வாஷிங்டன் மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டிய கஸ்டர் என்ற சிற்றூருக்குப் போனார். 1953இல் கணவர் வாங்கிக்கொடுத்த ஹார்மனி கிடாரின் விலை 17 டாலர். அப்போது அவருக்கு நான்கு குழந்தைகள். கற்றுத்தர ஆளில்லை. வானொலியில் கேட்ட பாட்டை வீட்டில் தானே வாசித்து வாசித்துப் பழகினார். முன்மாதிரி பாடகி கிட்டி வெல்ஸ். 1952இல் கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்துக் காட்டியவர் அவர்.

அடுத்தது கிரேஞ்ச் என்ற உழவர் சங்கத்தின் உள்ளூர் மண்டபங்கள், பிளெய்ன் என்ற எல்லையூரில் இருந்த பில்ஸ் டாவர்ன் என்ற மதுக்கடை. தம்பி ஜே லீ கிடார் வாசிக்க, 'டிரெயில்பிளேசர்ஸ்' என்று ஒரு குழு. இப்படிப்பட்ட மேடையில் கேட்பவர்கள் விரும்புவது ஏற்கெனவே தெரிந்த பாட்டைத்தான். ராத்திரி முழுக்க அடுத்தவர் பாட்டைப் பாடிக்கொண்டே, நடுவில் தன் பாட்டை ஒன்றிரண்டு முறை நுழைத்துப் பார்க்கலாம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நாற்காலிக்குத் திரும்பிவிட்டால் அந்தப் பாட்டு தோற்றது. இதைவிட நேர்மையான விமர்சகர் எந்தப் பத்திரிகையிலும் கிடையாது.

அந்த மேடையிலிருந்து அவர் எதைப் பார்த்தார் என்பது இன்னும் முக்கியம். ஹாங்கி-டாங்க் பாட்டுகளில் பெரும்பாலானவை குடிக்கும் ஆணின் புலம்பல். லொரெட்டாவின் கண்ணில் பட்டவர்கள் பெண்கள். கணவன் விட்டுப்போன பிறகு மதுக்கடையில் உட்கார்ந்து அழுத ஒரு பெண்ணைப் பார்த்துப் பிறந்ததுதான் 'ஐ'ம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்'. பாடுகிற பெண்ணும் கேட்கிற பெண்ணும் ஒரே பக்கம் நிற்கும் பாட்டு அது. பிற்பாடு அவர் எழுதியவற்றில் தலைசிறந்தவை எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவையே.

அதே மாநிலத்தின் டகோமா நகரில் பாடகர் பக் ஓவன்ஸ் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட்டுப் போட்டி. வென்ற லொரெட்டாவுக்குக் கிடைத்த பரிசு ஒரு கைக்கடிகாரம். எல்லைக்கு அந்தப்புறம் வான்கூவரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மரவியாபாரி நார்ம் பர்லி பணம் போட முன்வந்தார். அதற்காகத் தொடங்கியதுதான் ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம். 1960 பிப்ரவரியில் ஒப்பந்தமானது. 'ஹாங்கி டாங்க் கேர்ள்' பாட்டின் பதிவு ஹாலிவுட்டில் நடந்தது. ஸ்டீல் கிடாரில் ஸ்பீடி வெஸ்ட் உட்பட, அந்த ஊர் ஒலிப்பதிவுக் கூடங்களில் தேர்ந்த கைகள் வாசித்தன. பர்லி காசை மிச்சம் பிடிக்காத இடம் இது. பாடகி புதியவர், நிறுவனம் புதியது, ஆனால் தட்டைச் சுழலவிட்டால் காதில் விழும் வாத்தியம் முதல்தரம். வானொலிக்காரர் அந்தத் தட்டை ஒதுக்குவதற்கு ஒரு காரணம் குறைந்துபோனது.

சிறு நிறுவனங்களின் தட்டு செத்துப்போவது பாட்டு மோசம் என்பதால் மட்டுமல்ல. பெரிய நிறுவனத்துக்கு ஊருக்கு ஊர் விநியோகஸ்தர் உண்டு, வானொலி நிலையங்களுக்குப் போய்வர ஆள் உண்டு. ஜீரோவுக்கு இரண்டும் இல்லை. வானொலியில் ஒலிக்காத தட்டைக் கடைக்காரர் வாங்கி வைக்கமாட்டார். கடையில் கிடைக்காத தட்டை ஒலிபரப்ப வானொலிக்காரருக்கும் விருப்பம் வராது. இந்த வட்டத்தை எங்காவது ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

லொரெட்டாவும் கணவர் ஆலிவர் லின்னும் அதைத் தபாலில் உடைத்தார்கள். வானொலி நிலையங்களின் முகவரியைத் திரட்டி ஏறத்தாழ 3,500 தட்டுகளை அனுப்பினார்கள். அதன்பிறகு காரில் கிளம்பி நிலையம் நிலையமாக நேரில் போனார்கள். அறை எடுக்கக் காசில்லாமல் காரிலேயே தூக்கம், ரொட்டிக்கு நடுவில் வைத்த மலிவு இறைச்சிதான் சாப்பாடு. வானொலிக் கோபுரம் கண்ணில் பட்டதும் வண்டியை ஓரங்கட்டி, பின்னிருக்கையில் நல்ல உடைக்கு மாறிக்கொண்டு லொரெட்டா உள்ளே போவார். எந்தப் பாட்டைப் போடுவது என்பது அன்றைக்குச் சின்ன ஊர்களில் பெரும்பாலும் அறிவிப்பாளரின் சொந்த முடிவு. குவிந்து கிடக்கும் தட்டுகளுக்கு நடுவில், எழுதிப் பாடிய பெண்ணே எதிரில் வந்து நின்றால் அவருடைய தட்டு மேலே வரும். அந்தக் கோடையில் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் அந்தப் பாட்டு 14ஆம் இடத்தைத் தொட்டது. முகம் தெரியாத நிறுவனத்தின் முதல் தட்டுக்கு இது அசாதாரணமான இடம்.

அந்த ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி நாஷ்வில் நகரின் ரைமன் அரங்கில், கிராண்ட் ஓலே ஓப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் மேடையில் அவர் முதன்முதலாகப் பாடினார். ஓப்ரியை ஒலிபரப்பிய டபிள்யூஎஸ்எம் 50,000 வாட் நிலையம். இரவில் பல மாநிலங்களுக்கு எட்டும். காரில் மாதக்கணக்கில் அலைந்து தேடிய காதுகள் ஒரே ராத்திரியில் அங்கே கூடிவிடும். பாடகி பட்ஸி கிளைனின் நட்பும் நாஷ்வில்லில்தான் கிடைத்தது. பர்லி பெருந்தன்மையோடு ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தார். டெக்கா என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் சேர்த்துக்கொண்டது. 1962இல் ஓப்ரியின் நிரந்தர உறுப்பினரானார்.

டெக்காவின் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி, பட்ஸி கிளைனுக்கு வயலின் குழுவும் பின்குரல்களுமாக மெருகேற்றியவர். லொரெட்டாவுக்கு அந்த மெருகை அவர் அளவோடுதான் பூசினார். ஸ்டீல் கிடாரும் பிடிலும் முன்னால் நின்றன, கென்டக்கி உச்சரிப்பும் அப்படியே இருந்தது. சரியான முடிவு என்றே சொல்வேன். 1967இல் முதலிடம் பிடித்த பாட்டின் தலைப்பையே பாருங்கள்: குடித்துவிட்டு ஆசையோடு வீட்டுக்கு வராதே என்று மனைவி கணவனிடம் சொல்வது. தலைப்பைக் கேட்டாலே யார் யாரிடம் பேசுகிறார், என்ன சண்டை என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. பில்ஸ் டாவர்னின் இரைச்சல் சொல்லிக்கொடுத்த பாடம் அது. 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாட்டுக்கு அவர் இன்னும் நிறையச் சரணங்கள் எழுதியிருந்தார். நீளம் தாங்காது என்று பிராட்லி வெட்டச் சொன்னார். துவைத்துத் துவைத்து விரலில் ரத்தம் கசிந்த அம்மாவைப் பற்றிய வரிகள் தப்பின. வெட்டுப்பட்ட சரணங்கள் தொலைந்தே போயின.

கருத்தடை மாத்திரையைப் பற்றிய 'தி பில்' பாட்டு 1972இல் பதிவானது, 1975இல்தான் வெளிவந்தது. பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் 5ஆம் இடம்.

இனிக் காசு விஷயத்துக்கு வருவோம். 1909 முதல் 1977 முடிய அமெரிக்கச் சட்டப்படி, தட்டு ஒன்றுக்குப் பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் உரிமைத்தொகை. வழக்கமாக அதில் பாதி, பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் இசைப் பதிப்பகத்துக்கு, பாதி எழுதியவருக்கு. ஒரு லட்சம் தட்டு விற்றால் எழுதியவர் கையில் 1,000 டாலர். மேடை வருமானம் ஊர் ஊராக ஓடினால்தான் உண்டு. எழுதிய பாட்டு உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கும், வேறொருவர் பாடினாலும் சம்பாதிக்கும். ஆகவே பாடலாசிரியரின் சொத்து, பதிப்பு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. நாஷ்வில் வந்த புதிதில் தனக்குக் கைகொடுத்த வில்பர்ன் சகோதரர்களின் ஷ்யூர்-ஃபயர் பதிப்பகத்தோடு லொரெட்டா நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்தார். எழுபதுகளில் அது வழக்காக முற்றியது. அந்தத் தகராறு ஓடிய காலத்தில் அவர் எழுதுவதையே வெகுவாகக் குறைத்துக்கொண்டார். புகழின் உச்சியில் இருந்த ஆண்டுகள் அவை. எழுதப்படாமல் போன அந்தப் பாட்டுகளை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

2004இல், 72 வயதில், டெட்ராய்ட்டின் ராக் இசைக்காரர் ஜாக் ஒயிட் தயாரிக்க 'வான் லியர் ரோஸ்' தொகுப்பை வெளியிட்டார். இரண்டு கிராமி விருதுகள் வாங்கிய தொகுப்பு. அதன் பாடல்கள் அவர் எழுதியவை.