பெயரை முடக்கினால் தளம் போய்விடுமா?

எல்லோருக்கும் வணக்கம். சோபா (SOPA) என்றதும் உட்காருகிற சோபாவை நினைத்து யாராவது வந்திருந்தால் மன்னிக்கவும், நான் பேசப்போவது 2011 அக்டோபரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் லாமர் ஸ்மித் கொண்டுவந்த இணையத் திருட்டுத் தடுப்பு மசோதாவைப் பற்றி. அதற்கு முன்பே மே மாதத்தில், செனட்டில் பேட்ரிக் லேஹி பிப்பா (PIPA) என்று அதன் அண்ணனைக் கொண்டுவந்துவிட்டார். ஒருவர் குடியரசுக் கட்சி, இன்னொருவர் ஜனநாயகக் கட்சி. ஆக, இது கட்சிச் சண்டை இல்லை.

எதிர்த்தவர்கள் திருட்டு வீடியோவுக்கு வக்காலத்து வாங்கினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. படம் எடுத்தவர் வயிற்றில் அடிக்கக் கூடாது, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் ஒரு தளம் திருட்டுத் தளம் என்று யார் முடிவு செய்வது, அதுவும் தளத்துக்காரர் வாய் திறப்பதற்கு முன்பா, பின்பா?

மசோதாப்படி, வெளிநாட்டுத் தளம் ஒன்றின் மேல் அரசு நீதிமன்ற உத்தரவு வாங்கினால், இணைய இணைப்பு தருகிற நிறுவனம் அந்தப் பெயரை முடக்க வேண்டும், தேடுபொறி அதை மறைக்க வேண்டும். சரி, அங்கே நீதிபதி என்று ஒருவராவது இருக்கிறார். ஆனால் மசோதாவின் முதல் வடிவில், உரிமைதாரர் ஒரு நோட்டீஸ் அனுப்பினாலே பணப் பரிமாற்ற நிறுவனமும் விளம்பர நிறுவனமும் 5 நாளில் அந்தத் தளத்தைக் கைகழுவ வேண்டும் என்று எழுதியிருந்தார்கள் பாருங்கள், அங்கேதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. பதில் நோட்டீஸ் கொடுக்கலாம்தான், கூடவே அமெரிக்க நீதிமன்றத்தில் வந்து நிற்கவும் சம்மதிக்க வேண்டும். சின்னத் தளம் நடத்துகிறவர் எங்கே போவார்?

அப்புறம் அந்த டிஎன்எஸ் முடக்கம். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தருவதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை. பெயரை முடக்கினாலும் எண் அங்கேயேதான் இருக்கும். தேடிப் போகிறவன் வேறொரு நாட்டு டிஎன்எஸ்ஸிடம் கேட்டுக்கொள்வான், இரண்டு நிமிட வேலை. ஆனால் வருகிற பதிலில் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதி செய்ய வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டிவந்த டிஎன்எஸ்செக் பாதுகாப்போடு இது நேராக மோதும். பால் விக்ஸி, டான் காமின்ஸ்கி போன்ற டிஎன்எஸ் வல்லுநர்கள் 2011 மே மாதமே இதை எழுதிக் கொடுத்தார்கள்.

வீண் பயம் என்றார்கள் சிலர். டஜாஸ்1 என்ற ஹிப் ஹாப் தளத்தின் டொமைனை, அதாவது இணையப் பெயரை, அமெரிக்க அரசு 2010 நவம்பரில் பறிமுதல் செய்தது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து, 2011 டிசம்பரில், ஒரு வழக்குகூடப் போடாமல் திருப்பிக் கொடுத்தது. அதுவும் இருந்த சட்டத்திலேயே!

இந்த மசோதாக்களை எதிர்த்து 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் கறுப்பானது, கூகுளின் மனுவில் 70 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். (உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் விக்கிப்பீடியாவைப் படிக்க முடிந்தது. முடக்கம் என்பது எவ்வளவு உறுதியானது என்பதற்கு இலவச டெமோ!) இரண்டே நாளில் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார், ஸ்மித்தும் தன் மசோதாவை நிறுத்திவைத்தார்.

நடுவில் ஒரு நாள் இருக்கிறதே, ஜனவரி 19? வெளிநாட்டுத் தளங்களைத் தொட முடியவில்லை, அதனால்தான் புதுச் சட்டம் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் இல்லையா, அன்றைக்குத்தான் ஹாங்காங்கில் பதிவான மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை அமெரிக்க அரசு மூடியது, அதன் நிறுவனர் கிம் டாட்காம் நியூசிலாந்தில் கைதானார். எல்லாம் பழைய சட்டத்தை வைத்தே.