உறுமிய மோட்டாரும் மெலிந்த ஒயரும்

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்கு 26 ஆண்டுகள் பாடம் எடுத்தவன் நான். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்ற மூன்று சொற்களையும் கரும்பலகையில் எத்தனை முறை எழுதி அழித்திருப்பேனோ, கணக்கில்லை. ஆனாலும் அந்த மூன்றும் ஒன்றை ஒன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்பதை, வகுப்பறையில் பார்த்ததைவிடத் தெளிவாக என் சித்தப்பாவின் கிணற்று மேட்டில்தான் பார்த்தேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளிக் கிணறு. அதில் ஒரு குதிரைத்திறன் கொண்ட சிங்கிள் பேஸ் மோட்டார். ஒருநாள் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது. சுற்ற மாட்டேன் என்கிறது. கெப்பாசிட்டரை மாற்றியாகிவிட்டது. உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை, அந்தக் காயிலை, புதிதாகக் கட்டியும் ஆகிவிட்டது. இரண்டு பேர் வந்து பார்த்துப் பணம் வாங்கிக்கொண்டு போனதுதான் மிச்சம்" என்றார்.

நான் மல்டிமீட்டரோடு போனேன். வீட்டு மெயின் பலகையில் 225 வோல்ட். கிணற்று மேட்டுக்குப் போய் மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஒயர் முனையில் அளந்தேன். அங்கும் அதே 225. "பார்த்தாயா, கரண்ட் சரியாகத்தான் வருகிறது. முன்னால் வந்த இரண்டு பேரும் இதைத்தான் சொன்னார்கள்" என்றார் சித்தப்பா. அவர் சொன்னதில் ஒரு சொல் தவறு. அங்கே வந்தது மின்னழுத்தம். கரண்ட் எனப்படும் மின்னோட்டம் அப்போது துளியும் ஓடவில்லை. பேச்சு வழக்கில் நாம் எல்லாவற்றையும் 'கரண்ட்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த மேட்டில் அவருக்கு ஆன செலவில் பாதி அந்தப் பழக்கத்தின் கணக்கில்தான் சேரும்.

இணைப்பை மறுபடி மாட்டி, மீட்டரை மோட்டார் முனைகளிலேயே வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடச் சொன்னேன். மோட்டார் உறுமியது. மீட்டர் முள் சட்டென்று சரிந்து 140-ஐச் சுற்றி ஆடியது. இரண்டு நொடியில் அணைக்கச் சொல்லிவிட்டேன். முள் மறுபடி 225-க்கு ஏறி நின்றது. (பயிற்சி இல்லாதவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். மின்சாரம் பாயும் முனையில் கை தவறினால் இரண்டாவது வாய்ப்புக் கிடைக்காது.)

அந்த 85 வோல்ட் எங்கே போனது? அதைச் சொல்வதற்கு முன், எல்லோரும் சொல்லும் தண்ணீர் உவமையை நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது மின்னழுத்தம். குழாயில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அது மின்னோட்டம். குழாயின் குறுகலும் நீளமும் மின்தடை. குழாயின் வாயை மூடிவைத்தால் தண்ணீர் ஓடாது. ஆனால் தொட்டியின் முழு அழுத்தமும் குழாய் வாயில் நிற்கும். கழற்றிய ஒயர் முனையில் நான் அளந்த 225 இதுதான்.

உவமை இந்த இடம் வரைதான் கூட வரும். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். ஒயரை வெட்டினால் மின்னோட்டம் நின்றே போகும். மின்சாரம் போனால் மட்டும் போதாது, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். சுற்று என்று பெயர் வைத்தது அதனால்தான். ஆகவே 100 மீட்டர் தூரத்துக் கிணற்றுக்கு ஒயரின் நீளம் 100 மீட்டர் அன்று. போக 100, வர 100.

ஒயரைச் சுரண்டிப் பார்த்தேன். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். இந்தத் தடிமனில் செம்பு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம் தடை தரும். கேட்கும்போது ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். 200 மீட்டருக்கு அதுவே மூன்றரை ஓம் ஆகிவிடும்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது 7 ஆம்பியர் போல இழுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். சித்தப்பாவின் ஒயர் விட்டது சுமார் 24 ஆம்பியர்தான். 24-ஐ மூன்றரையால் பெருக்கினால் 84. மீட்டரில் காணாமல் போன வோல்ட் அத்தனையும் ஒயருக்குள்ளேதான் தீர்ந்திருக்கிறது. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம். ஓம் விதி என்பது இவ்வளவுதான். மோட்டாரின் காயிலுக்குத் தடையோடு இன்னோர் எதிர்ப்பும் உண்டு. மாறுதிசை மின்சாரத்தின் சங்கதி அது, இன்று அந்தக் கதவைத் திறக்கப் போவதில்லை.

இந்த விதியைக் கண்ட கேயார்க் சீமோன் ஓமும் ஒயரின் நீளத்தோடு மல்லுக்கட்டியவர்தான். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார். அன்றைய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காமல் அவரை அலைக்கழித்தது. பிறகு இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மறு சந்திப்பைப் பனிக்கட்டியிலும் வைத்து, அசையாத அழுத்தம் ஒன்றைப் பெற்றார். 1827-இல் நூலாகவும் வெளியிட்டார். சொந்த நாட்டில் வரவேற்பு இல்லை. வேலையையும் விட்டு விலகினார். அறிவியலாளர்களின் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது.

கிணற்று மேட்டுக்குத் திரும்புவோம். "அப்படியானால் அந்த வோல்ட் எல்லாம் வீணா?" என்றார் சித்தப்பா. ஒயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், உறையின் மேல்தான். இளஞ்சூடு இருந்தது. அந்த மோட்டார் எப்படியோ சுற்றி 7 ஆம்பியரில் ஓடினாலும், 7 பெருக்கல் 7 பெருக்கல் மூன்றரை, சுமார் 170 வாட், ஒயரைச் சூடாக்கவே போய்விடும். 60 வாட் குண்டு பல்புகள் மூன்றை வரப்பில் வீணாக எரியவிடுவது போல. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும். இந்த இருமடி ஒன்றுக்காகத்தான் தொலைதூர மின்கோபுரங்களில் அழுத்தத்தை அத்தனை உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் தமிழ்நாட்டின் புகளூருக்கு வரும் நேர்த்திசை மின் (டி.சி.) தடம் 6,000 மெகாவாட் சுமப்பதற்காக அமைத்தது. ஒரு கம்பியில் கூட்டல் 8 லட்சம் வோல்ட், மறு கம்பியில் கழித்தல் 8 லட்சம் வோல்ட், இரண்டுக்கும் நடுவே 16 லட்சம். முழு அளவில் 3,750 ஆம்பியர் ஓடினால் போதும். அதே திறனை வீட்டு 230 வோல்ட்டில் கொண்டுவர நினைத்தால் இரண்டரைக் கோடி ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைத் தாங்கும் கம்பி எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவால் அழுத்தத்தை ஏற்ற முடியாது. கிணற்றையும் பக்கத்தில் நகர்த்த முடியாது. கைக்குள் இருந்தது ஒயரின் தடிமன் மட்டும்தான். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்கச் சொன்னேன். குறுக்குப் பரப்பு நான்கு மடங்கு, தடை நான்கில் ஒரு பங்கு. 200 மீட்டருக்கும் ஓர் ஓமுக்குக் குறைவு. விலையைக் கேட்டு முகம் சுளித்தார். "காயில் கட்டிய கூலியை இதில் கழித்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார்.

மறுவாரம் ஒயர் மாற்றினோம். சுவிட்சைப் போட்டதும் மீட்டர் 200 பக்கம் ஒருமுறை தாழ்ந்தது. மோட்டார் கிளம்பிவிட்டது. முள் மேலேறி நின்றது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் சித்தப்பா எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

கழற்றிய பழைய ஒயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "இது கெட்ட ஒயரா தம்பி?" என்றார். கெட்டது என்று எப்படிச் சொல்வது? அதே 100 மீட்டரையும் தோட்டத்துக் கோடியிலுள்ள மாட்டுக் கொட்டகைக்கு இழுத்து, ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கு மாட்டிக் கொடுத்தேன். அந்த விளக்கு இழுப்பது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே மூன்றரை ஓம்தான். ஒயருக்குள் தீர்வது கால் வோல்ட் அளவுக்குத்தான். விளக்கு வீட்டில் எரிவதைப் போலவே அங்கும் பளிச்சென்று எரிகிறது.

நன்றி, வணக்கம்.