குழந்தையிடம் ஒரு குரல், பூனையிடம் ஒரு குரல், போனிடம் வேறொரு குரல்

வணக்கம், இன்றைக்கு நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். போனில் இருக்கும் குரல் உதவியாளரிடம் ஏதோ சொல்கிறோம், அது தப்பாக எடுத்துக்கொள்கிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? சத்தத்தைக் கூட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் பிய்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறோம். பல நேரம் அது முன்னைவிட மோசமாகப் புரிந்துகொள்கிறது. ஏன் இப்படி என்பதற்குப் பதில் கொஞ்சம் நீளம், கைக்குழந்தையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையைப் பார்த்தால் எவ்வளவு விறைப்பான ஆளுக்கும் குரல் மாறிவிடும். சுருதி ஏறும், ஏற்ற இறக்கம் கூடும், வேகம் குறையும், வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி நீளும். இது வெறும் கொஞ்சல்தானே என்று தோன்றலாம். 1985-ல் ஆன் ஃபெர்னால்ட் என்ற உளவியலாளர் நான்கு மாதக் குழந்தைகளை உட்காரவைத்து, ஒரு பக்கம் தலையைத் திருப்பினால் இந்தக் கொஞ்சல் பேச்சும் மறுபக்கம் திருப்பினால் பெரியவர்களிடம் பேசும் சாதாரணப் பேச்சும் கேட்கும்படி ஏற்பாடு செய்தார். குழந்தைகள் அதிகமாகத் திரும்பியது கொஞ்சல் பக்கம்தான்.

அப்புறம் 1997-ல் பட்ரீஷியா கூல் குழுவினர் அமெரிக்கா, ரஷ்யா, ஸ்வீடன் மூன்று நாட்டுத் தாய்மார்களின் பேச்சைப் பதிவு செய்து அளந்தார்கள். ஆ, ஈ, ஊ என்று நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நாக்கு வாய்க்குள் மூன்று மூலைக்குப் போய்வருவது தெரியும். குழந்தையிடம் பேசும்போது அந்த மூன்று மூலைகளும் இன்னும் தள்ளிப்போகின்றன, அதாவது உயிரொலிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் நன்றாக விலகி நிற்கின்றன. மூன்று மொழியிலும் இதே கதை.

இதற்கு அடுத்து வந்த ஆய்வுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2002-ல் ஆஸ்திரேலியாவில் டெனிஸ் பர்னம் குழுவினர், தாய்மார்கள் குழந்தையிடம் பேசுவதையும் வீட்டு நாய் பூனையிடம் பேசுவதையும் ஒப்பிட்டார்கள். சுருதி ஏறுவது, பாசம் வழிவது எல்லாம் இரண்டிலும் இருந்தது. ஆனால் உயிரொலிகளை அப்படி இழுத்து விலக்கிச் சொல்வது குழந்தைக்கு மட்டும்தான். பூனை என்றைக்கும் பேசப்போவதில்லை என்று நம் வாய்க்கே தெரிந்திருக்கிறது! கணினியிடம் பேசும்போது என்ன ஆகிறது என்றும் பிறகு பார்த்தார்கள். அங்கே உயிரொலிகள் மறுபடியும் விலகுகின்றன. பூனைக்குக் கிடைக்காத பாடம் இயந்திரத்துக்குக் கிடைக்கிறது.

அதற்காகத் தாய்ப்பேச்சு முழுக்க உச்சரிப்பு வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2015-ல் ஜப்பானியத் தாய்மார்களின் பதிவுகளை உயிரொலி மட்டுமல்லாமல் மெய்யொலிகளையும் சேர்த்து நுணுக்கமாக அளந்தபோது, குழந்தையிடம் பேசும் பேச்சு சராசரியாகக் கொஞ்சம் தெளிவு குறைந்தே இருந்தது. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால் கவனத்தை இழுத்துப் பிடித்துவைப்பதுதான் முதல் வேலை, தெளிவு அதற்கப்புறம்தான்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். 1940-களில் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் பார்வையற்றவர்களுக்காகப் புத்தகம் படித்துக்காட்டும் கருவி செய்யப் பார்த்தார்கள். எழுத்துக்கு ஒரு ஒலி என்று வைத்து, அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். கேட்பவர்களால் அதை வேகமாகப் பின்தொடரவே முடியவில்லை. அங்கே ஆல்வின் லிபர்மன் முதலானவர்கள் கண்டுகொண்டது என்னவென்றால், பேச்சு மணிமணியாகக் கோத்த மாலை இல்லை. கி, கு என்று சொல்லிப் பாருங்கள். 'கு' சொல்லும்போது க் வெளியே வருவதற்கு முன்பே உதடு குவிந்துவிடுகிறது, இல்லையா? வரப்போகும் ஒலி முந்தைய ஒலிக்குள் ஏற்கெனவே கலந்திருக்கிறது, அந்தக் கலப்பை வைத்துத்தான் காது இவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது.

1952-ல் பெல் ஆய்வகத்தில் செய்த ஆட்ரி என்ற இயந்திரத்துக்கு இலக்கங்களை இடைவெளி விட்டு விட்டுச் சொன்னால்தான் புரியும், அதுவும் யார் குரலுக்குத் திருத்தி வைத்திருக்கிறதோ அவர் சொன்னால்தான். பிய்த்துப் பிய்த்துப் பேசும் நம் பழக்கம் அதற்குப் பொருத்தமாக இருந்திருக்கும். இன்றைய கருவிகள் படித்ததோ மனிதர்கள் மனிதர்களிடம் சரளமாகப் பேசிய பதிவுகளை. நாம் எழுத்தெழுத்தாகக் கத்தும்போது அந்தக் கலப்பு அறுந்துபோகிறது, நடுவில் விடும் இடைவெளியைக் கருவி சொல் முடிந்த இடம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் கோபம் வந்தாலும் அதே வாக்கியத்தைச் சாதாரண வேகத்தில் இன்னொருமுறை சொல்லுங்கள், இல்லை என்றால் வேறு சொற்களில் மாற்றிச் சொல்லுங்கள்.

எவ்வளவு பதிவுகள் என்றா கேட்கிறீர்கள்? 2022-ல் வந்த விஸ்பர் என்ற பேச்சறியும் மென்பொருளுக்குப் பயிற்சிக்காகக் கொடுத்தது 6,80,000 மணி நேர ஒலி. இரவு பகல் தூங்காமல் கேட்டாலும் 77 வருடத்துக்கு மேல் ஆகும். குழந்தை இதில் துளியூண்டு கேட்டுவிட்டே பேச ஆரம்பித்துவிடுகிறது, அதுவும் எதிரே ஆள் இருந்தால்தான். 2003-ல் கூல் குழு ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் என்ற சீன மொழியைப் பேசிக் காட்டியது. நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடியபடி பேசினால் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள், அதையே வீடியோவில் காட்டினால் ஒன்றும் ஏறவில்லை. வீடியோ போட்டுப் பிழைக்கிற நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உச்சரிப்பை மாற்றிக்கொள் என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது. 2020-ல் அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் கருவிகளைச் சோதித்தபோது, வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்குச் சராசரியாக 19 தவறு, கறுப்பினத்தவர் பேச்சில் 35. இரு தரப்பும் ஒரே சொற்றொடரைச் சொன்ன இடங்களிலும் அந்த இடைவெளி இருந்தது, ஆக சிக்கல் சொற்களில் இல்லை, அந்தக் குரல்களைக் கருவி போதுமான அளவு கேட்டுப் பழகவில்லை. அவர்களிடம் போய் இன்னும் தெளிவாகப் பேசுங்கள் என்று சொல்வதில் என்ன நியாயம்? அந்தக் குரல்களை நிறையச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது கருவியை விற்பவர்கள் செய்ய வேண்டிய வேலை.