சுவர் இருந்தால்தான் சித்திரம்

(பினாங்கு ஜார்ஜ் டவுனில், ஓவியம் பற்றிய மாலைக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் டத்தோ அவர்களே, வேலை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, ஆலய நிர்வாகத்தினரே, மகளிர் பிரிவுச் சகோதரிகளே, மேடைக்கு மின்விசிறி தேடிக் கொண்டுவந்த செயலாளர் தம்பியே, வணக்கம்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: ஓவியம், ஓவியர், அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் உடை.

ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1892இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம், லேடி ஆக்னியூ. எடின்பரோவில், ஸ்காட்லாந்தின் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வெள்ளை உடை, இடுப்பில் ஊதாப் பட்டை, பின்னால் நீலச் சீனப்பட்டுத் திரை. பூப்போட்ட நாற்காலியில் சாய்ந்து நம்மையே பார்க்கிறார் அந்தச் சீமாட்டி. 1893இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்தபோது ஊரே மெச்சியது. அந்த ஒய்யாரத்தைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அது அசதியாகத்தான் படுகிறது. 1890இல் வந்த இன்புளுயன்சாவின் களைப்பு அவரை விட்டபாடில்லை என்கிறார்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம்!

எங்கள் பெரியம்மாவையும் இப்படித்தான் ஒரு கல்யாணத்தில் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தோம். பிறை என்ற ஊரில் மண்டபம். போட்டோக்காரர், "அம்மா, அப்படியே சாய்ந்துக்குங்க, அசையாதீங்க" என்றார். பெரியம்மா அசையவே இல்லை. "என்ன கம்பீரம்!" என்றாள் சம்பந்தியம்மா. பேரன்கள் முறை போட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் பேத்திதான் கையைத் தொட்டுப் பார்த்து, "பாட்டிக்கு ஜில்லென்று வேர்க்குது" என்று கத்தினாள். காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, முகூர்த்தம் முடியட்டும் என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் நீட்டிய ரோஸ் சிராப்தான் காப்பாற்றியது. அந்தப் படம் இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருப்பது தெரியும்.

2019 தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் முதலிடம்! இதில் மட்டும் நம்மை யாரும் முந்த முடியவில்லை. தே தாரேக் என்னும் நுரைத் தேநீரில் கொட்டும் இனிப்புப் பாலைக் கொஞ்சம் குறையுங்கள். பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' கேட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. சுவர் இருந்தால்தான் சித்திரம், டத்தோ அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

தலைவர் மணியடித்துவிட்டார். சரி, ஓவியரும் உடையும் இன்னொரு நாள். ஞாயிறு காலை இதே மண்டபத்தில் இலவச ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு வாருங்கள். மாத்திரையைப் பரிசோதனை முடிந்தபின் போட்டுக்கொள்ளலாமா என்று முதலிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பெயர் எழுதும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது.